டிரெய்லர் மின்பிரேக் பிடிக்கவில்லையா? கழற்றும் முன் அளந்து பாருங்கள்

டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கை முதலில் சக்கரத்தைக் கழற்றத்தான் துடிக்கும். என் கையும் அப்படித்தான் துடித்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பிராம்ப்டனில் பழையதாக விலைக்கு வாங்கிய டிரெய்லர் அது. ஒற்றை அச்சு, 3,500 பவுண்டு தாங்கும், இரு சக்கரத்திலும் மின்பிரேக். மண், மரம், பழைய சோபா என்று எதையாவது ஏற்றிக்கொண்டு திரிவேன். ஒரு வசந்த காலத்தில் பிரேக் வருவதும் போவதுமாக விளையாட்டுக் காட்டியது. மின்பிரேக்கை இயக்கும் காந்தங்கள் இரண்டைப் புதிதாக வாங்கினேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் கிரீஸில் குளித்து அவற்றை மாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தால் பழைய கதைதான்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புலப்பட்டது. சுமை ஏற்றியிருந்தால் பிரேக் பிடிக்கிறது, காலியாக இருந்தால் பிடிக்கவில்லை. டிரெய்லரின் மூக்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெள்ளை வயரை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் போல்ட் துருவேறி உப்பிக் கிடந்தது. மின்சாரம் திரும்பிப் போக அந்த வழி அடைபட்டதால், டிரெய்லரை மாட்டும் வண்டியின் இழுவைக் குண்டின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. சுமை அழுத்தும்போது குண்டும், அதைக் கவ்வும் டிரெய்லரின் கப்ளரும் நன்றாக ஒட்டும். காலியாக இருக்கும்போது ஒட்டாது. சரிசெய்யப் பத்து நிமிடம், செலவு ஒரு டாலருக்கும் குறைவு. வாங்கிய காந்தங்களுக்கு எவ்வளவு ஆனது என்பதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் வரிசை தலைகீழாக இருக்கும். மீட்டர் முதலில், ஸ்பானர் கடைசியில்.

உள்ளே நடப்பது என்ன

முதலில் உங்களுடையது மின்பிரேக்தானா என்று பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் குனிந்து பார்த்தால், பிரேக்கைத் தாங்கும் பின்தகட்டிலிருந்து இரண்டு வயர்கள் வெளியே வர வேண்டும். வயர் இல்லாமல் எண்ணெய்க் குழாய் வந்தால், அது பெரும்பாலும் வண்டி நிற்கும்போது டிரெய்லர் முன்னே தள்ளும் விசையில் வேலை செய்யும் வேறு வகை. அதற்கு இந்தக் கட்டுரை உதவாது.

மின்பிரேக்கில் எண்ணெய் கிடையாது. நீங்கள் வண்டியின் பிரேக்கை மிதித்ததும் ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் உள்ள கன்ட்ரோலர், நீல வயரில் மின்சாரம் அனுப்புகிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்பு டிரம்முக்குள் ஒரு கையின் நுனியில் காந்தம் உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் வந்ததும் அது டிரம்மின் உட்புறத் தட்டையான இரும்புப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் சுழல்வதால் ஒட்டிய காந்தமும் கொஞ்ச தூரம் இழுபடுகிறது. அந்தக் கை நெம்பி, பிறை வடிவ உரசு கட்டைகளான பிரேக் ஷூக்களை விரித்து டிரம்மில் அழுத்துகிறது. காந்தம் டிரம்மை நிறுத்துவதில்லை. டிரம்மின் சுழற்சியையே கடன் வாங்கி அதே டிரம்மை நிறுத்துகிறது. யாரோ நன்றாக யோசித்து வைத்த ஏற்பாடு.

இதிலிருந்து பழுது இரண்டே வகை என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்று, போதுமான மின்சாரம் காந்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு, மின்சாரம் வருகிறது, ஆனால் டிரம்முக்குள் ஏதோ கெட்டிருக்கிறது அல்லது ஷூ டிரம்மிலிருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது. முதல் வகைதான் அதிகம். அதிலும் ஒன்டாரியோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டும் உப்பு, வயர் இணைப்புகளைத் தேடிப் போய்த் தின்கிறது.

கையில் இருக்க வேண்டியவை

பத்து ஆம்பியர் வரை அளக்கும் மல்டிமீட்டர். முழுச் சார்ஜில் உள்ள 12 வோல்ட் பாட்டரி, அதோடு சேர்க்க 20 ஆம்பியர் பியூஸ் கொண்ட வயர். ஜாக், தாங்கு கால்கள், சக்கரத்துக்கு அடை கொடுக்கக் கட்டைகள். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர். உள்ளே பசை கொண்ட, சூடுபடுத்தினால் சுருங்கும் வயர் இணைப்பிகள். டிரம்மைத் திறக்கும் நிலை வந்தால் புது கிரீஸ் சீல், நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின், வீல் பேரிங் கிரீஸ், பிரேக் கிளீனர், முகக்கவசம்.

முதல் அளவை: பிளக்கில் இருந்தே பாதி உண்மை தெரியும்

டிரெய்லரை வண்டியிலிருந்து முழுதாகப் பிரித்துவிடுங்கள். ஏழு தகடு கொண்ட பிளக்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவில் இரண்டு வண்ண முறைகள் புழங்குகின்றன. விளக்கு வயர்களின் நிறம் ஒன்றுக்கொன்று மாறும். நல்ல வேளையாகப் பிரேக்குக்கு நீலம், மின்சாரம் திரும்பும் தரை இணைப்புக்கு வெள்ளை என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் பழைய டிரெய்லரில் முன்னாள் உரிமையாளர் கையில் கிடைத்த வயரை மாட்டியிருப்பார். பிளக்கைத் திறந்து எந்தத் தகட்டுக்கு எந்த வயர் போகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அளப்பதற்கு முன் ஒரு வேலை. டிரெய்லர் வண்டியிலிருந்து அறுபட்டால் தானே பிரேக் பிடிக்க வைக்கும் பிரேக்அவே சுவிட்சும், அதற்கான சிறிய பாட்டரியும் மூக்குப் பகுதியில் இருக்கும். சுவிட்சில் பின் செருகியே இருக்கட்டும். பாட்டரியின் வயரைக் கழற்றி விடுங்கள். அந்த மின்சாரம் குறுக்கே வந்தால் நீங்கள் காணும் எண் பொய்யாக இருக்கும்.

இப்போது மீட்டரை ஓமுக்குத் திருப்பி, முதலில் அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். சுழியம் வராது, 0.2, 0.4 என்று ஏதோ காட்டும். அது மீட்டர் வயரின் சொந்த எண். கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள். நாம் அளக்கப்போவது மிகச் சிறிய எண் என்பதால் இதை விட்டால் கணக்கே தப்பிவிடும்.

பிறகு நீலத் தகட்டுக்கும் வெள்ளைத் தகட்டுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். 10 அங்குல, 12 அங்குலப் பிரேக்குகளில் பொதுவாகக் காணப்படும் காந்தம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 ஓம். அவை பக்கவாட்டில் இணைந்திருப்பதால் எண்ணிக்கை கூடக் கூட மொத்தம் குறையும். இரண்டு காந்தம் என்றால் 1.6 ஓம், நான்கு என்றால் 0.8.

இரண்டு சக்கர டிரெய்லரில் 1.6 வருகிறதா? காந்தங்களும் வயரும் பெரும்பாலும் நலம். 3.2 வருகிறதா? ஒரு பக்கம் செத்துவிட்டது, ஒரு சக்கரம் மட்டுமே வேலை செய்கிறது. மீட்டர் முடிவிலியைக் காட்டினால் நீல வயரோ வெள்ளை வயரோ எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு காந்தமும் ஒரே நாளில் சாவது அபூர்வம், ஆகவே பொதுவான வயரைச் சந்தேகியுங்கள். சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் நீல வயர் உரிந்து இரும்பில் படுகிறது, அல்லது ஒரு காந்தத்தின் சுருள் உள்ளுக்குள் ஒட்டிவிட்டது.

ஓம் அளவை ஒரு விஷயத்தில் ஏமாற்றும். ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயர்கூட மீட்டரின் சின்னஞ்சிறு மின்னோட்டத்துக்கு நல்ல வயராகத் தெரியும். அதனால் அடுத்து ஆம்பியர் பாருங்கள். பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பியூஸ், மீட்டர் வழியாக நீலத் தகட்டுக்கு. நெகட்டிவ் நேராக வெள்ளைத் தகட்டுக்கு. காந்தம் ஒன்றுக்கு சுமார் 3 ஆம்பியர், இரண்டுக்கு 6 வர வேண்டும். ஓம் சரியாக இருந்து ஆம்பியர் மட்டும் 2 அல்லது 3 என்று நொண்டினால் ஏதோ ஓர் இணைப்பு அரித்துப் போயிருக்கிறது. நான்கு காந்தம் உள்ள இரட்டை அச்சு டிரெய்லர் 12 ஆம்பியர் இழுக்கும். பத்து ஆம்பியர் மீட்டரில் இதைச் செய்தால் மீட்டரின் பியூஸ் போய்விடும். அதற்குக் கவ்வும் வகை மீட்டர் வேண்டும். நேர் மின்னோட்டம் அளக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்; எல்லாக் கவ்வு மீட்டரும் அதை அளப்பதில்லை.

வண்டியின் பக்கம்

டிரெய்லர் தேறிவிட்டால் வண்டியைப் பாருங்கள். ஒருவர் கன்ட்ரோலரில் உள்ள கைப்பிடியை முழுதாக அழுத்தட்டும்; நீங்கள் வண்டியின் சாக்கெட்டில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். கன்ட்ரோலரில் பிரேக்கின் விசையளவை உச்சத்தில் வைத்திருந்தால் 12 வோல்டை ஒட்டி வர வேண்டும். ஒரு எச்சரிக்கை: வண்டியோடு தொழிற்சாலையிலேயே வந்த கன்ட்ரோலர்கள் பல, டிரெய்லர் இணைந்திருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரமே அனுப்பும். வெறும் சாக்கெட்டில் அளந்து ஒன்றும் வராததைக் கண்டு கன்ட்ரோலர் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். டிரெய்லரை இணைத்து, மூக்கில் உள்ள இணைப்புப் பெட்டியில் அளந்து பாருங்கள்.

பிறகு அதே நிலையில் சக்கரத்துக்குப் பின்னால், காந்தத்துக்குள் நுழையும் இரு வயர்களிலும் அளந்து பாருங்கள். பெட்டிக்கும் இங்கும் ஒரு வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் திருடன் இருக்கிறான்.

வெள்ளை வயர்: என்னை ஏமாற்றியவன்

டிரெய்லரை இணைத்து பிளக்கை மாட்டுங்கள். பிறகு பாதுகாப்புச் சங்கிலியைக் கழற்றி, கப்ளரைக் குண்டிலிருந்து தூக்கிவிடுங்கள். பிளக் மட்டும் மாட்டியபடி இருக்கட்டும். இப்படிச் செய்தால்தான் குண்டும் சங்கிலியும் வெள்ளை வயருக்குப் பதிலாளாக நின்று பழுதை மறைக்க முடியாது. சக்கரங்களுக்கு அடைக்கட்டை வைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

ஒருவர் கைப்பிடியை அழுத்தும்போது மீட்டரின் ஒரு முனையை வண்டி பாட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை டிரெய்லர் சட்டத்தில் சுரண்டித் தெரியவைத்த இரும்பிலும் வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் சுழியத்தை ஒட்டி இருக்கும். அரை வோல்டுக்கு மேல் போனால் தரை இணைப்பு கெட்டிருக்கிறது.

சரிசெய்வது எளிது. பழைய போல்டைக் கழற்றி, அந்த இடத்தில் பெயின்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புது வளைய முனையும் பற்கள் கொண்ட வாஷரும் வைத்து இறுக்கி, மேலே மின்காப்பு கிரீஸ் பூசுங்கள். நான் இன்னும் ஒரு படி போவேன். காந்தங்களின் தரை வயர்களை அச்சிலோ சட்டத்திலோ முடிக்காமல், அங்கிருந்து மூக்குப் பெட்டி வரை தனி வெள்ளை வயர் இழுத்துவிடுவேன். இருபது அடி வயருக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

அச்சுக் குழாய்க்குள் ஒளிந்திருக்கும் வயர்

ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தாலோ, கன்ட்ரோலர் அவ்வப்போது ஷார்ட் என்று கத்தினாலோ அச்சைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் போகும் வயர், உள்ளீடற்ற அச்சுக் குழாய்க்குள் செருகப்பட்டிருக்கும். வெளியிலிருந்து பார்க்க நேர்த்தி. ஆனால் உள்ளே அதைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஊஞ்சல் ஆடும். குழாயின் துளை விளிம்பில் உரசும்.

பக்கத்து வீட்டு நண்பரின் டிரெய்லரில் அப்படி ஒன்றை உருவினோம். துளைக்கு அருகே இரண்டு அங்குல நீளத்துக்கு உறை, எலி கடித்ததுபோல் தேய்ந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. டிரெய்லர் நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரி. ஓடும்போது மட்டும் அந்தச் செம்பு குழாயில் பட்டிருக்கிறது. இவர் இரண்டு வருடம் கன்ட்ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வயரைத் திரும்ப உள்ளே செருகாதீர்கள். 12 கேஜ் இரட்டை வயரை நெளிவுக் குழாய்க்குள் போட்டு, அச்சின் பின்புறம் வெளியே ஓட்டி, அடிக்கொரு கட்டுப் போடுங்கள். சக்கரத்துக்கு அருகில் ஸ்பிரிங் மேலும் கீழும் ஆட இடம் விட்டுக் கொஞ்சம் தொய்வு வையுங்கள். இணைப்புகளுக்கு, வீட்டு மின்வேலையில் முறுக்கிச் செருகும் பிளாஸ்டிக் தொப்பிகள் வேண்டாம். வயரை நறுக்கென்று கடிக்கும் கிளிப்புகளும் வேண்டாம். இரண்டுமே உப்பு நீரை உள்ளே உட்கார வைத்து உபசரிக்கும். பசை கொண்ட சுருங்கும் இணைப்பிகள்தான் சரி. சூடுபடுத்தும்போது இரு முனையிலும் பசை லேசாக வழிந்தால் அடைபட்டது என்று அர்த்தம். காந்தத்தின் இரு வயர்களுக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் கிடையாது. எதை எதோடு இணைத்தாலும் வேலை செய்யும்.

இனி டிரம்மைத் திறக்கலாம்

மின்சாரம் முழுதாக வந்தும் பிரேக் மந்தமாக இருந்தால், முதலில் கீழே ‘ஷூவை நெருக்குவது’ பகுதியில் சொல்லியபடி ஷூ இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் டிரம்.

சமதளத்தில் டிரெய்லரை வண்டியோடு இணைத்து நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். ஜாக்கால் தூக்கித் தாங்குகாலில் இறக்கிய பிறகே அடியில் கை போகட்டும். கிரீஸ் மூடி, காட்டர் பின், பெரிய நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாக எடுத்து, ஒரு துணியில் எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். டிரம் நேராக உங்கள் பக்கம் வரும். வராவிட்டால் ஷூ டிரம்மின் விளிம்புத் துருவில் மாட்டியிருக்கும். பின்தகட்டுத் துளை வழியே ஷூவைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஷூவின் மேல் ஒட்டிய பழைய உரசு பட்டையில், அதாவது லைனிங்கில், என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

காந்தத்தின் முகத்தில் ஒரு நேரான உருக்கு அளவுகோலை வையுங்கள். முகம் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சரிந்து தேய்ந்திருந்தால் அது முழுப் பரப்போடு ஒட்டாது. பிரேக் பாதிதான் பிடிக்கும். செம்புச் சுருள் தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். வயரை வெட்டித் தனியே ஓம் பாருங்கள். பிறகு காந்தத்தின் அடிப்பக்கத்தைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையில் உட்கார வைத்து, அதன் ஒரு வயரை மீட்டர் வழியே பாசிட்டிவில் தொடுங்கள். ஆம்பியர் எதுவும் காட்டக்கூடாது. காட்டினால் சுருள் உள்ளே உடம்போடு ஒட்டிவிட்டது.

டிரம்மில் காந்தம் உரசும் பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். மெல்லிய கோடுகள் பரவாயில்லை; நகம் மாட்டும் பள்ளம் என்றால் கடைசல் பட்டறைக்குக் கொடுங்கள் அல்லது மாற்றுங்கள். 10 அங்குல டிரம் 10.090 அங்குலத்துக்கு மேல் தேய்ந்தால் குப்பைக்குத்தான். லைனிங் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு இறங்கியிருந்தால் ஷூவும் மாற வேண்டும்.

உள்ளே கிரீஸ் படிந்திருப்பதுதான் அடிக்கடி காணும் காட்சி. அச்சு முனையில் கிரீஸ் ஏற்றும் வசதி இருக்கிறதே என்று துப்பாக்கியால் மளமளவென்று அழுத்துவோம். அது பின்பக்கச் சீலைப் பிதுக்கிக்கொண்டு ஷூவில் கொட்டும். அப்படி ஊறிய ஷூவை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டும் சிக்கனம் இங்கே செல்லாது. சூடானதும் ஊறியதெல்லாம் திரும்பக் கசியும். மாற்றுங்கள், சீலையும் சேர்த்து.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. காந்தமும் ஷூவும் இரண்டுமே போயிருந்தால் தனித்தனியாக வாங்காமல், பின்தகட்டோடு முழுத் தொகுப்பாக வாங்குங்கள். ஸ்பிரிங்கும் கையும் எல்லாம் புதிதாக வரும். 10 அங்குலத்துக்கு நான்கு போல்ட், இரண்டு வயர், வேலை முடிந்தது. இடது வேறு, வலது வேறு. மாற்றி மாட்டினால் பிரேக் இருந்தும் இல்லாததுபோல் ஆகும். லைனிங் குட்டையாக உள்ள ஷூ டிரெய்லரின் முன்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ஒரு அச்சின் இரு பக்கத்தையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

மூடும்போது பேரிங்குகளைத் துடைத்துப் புது கிரீஸ் திணியுங்கள். 3,500 பவுண்டு அச்சில் பெரும்பாலும் உள்ளே எல் 68149, வெளியே எல் 44649. ஆனாலும் பழைய பேரிங்கில் பொறித்த எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். டிரம்மைச் சுழற்றிக்கொண்டே நட்டை 50 அடி-பவுண்டு வரை இறுக்கிப் பேரிங்கை உட்கார வைத்து, சுழற்றாமல் முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, காட்டர் பின் நுழையும் அடுத்த துளைக்குத் தளர்த்திப் பூட்டுங்கள். கையால் பிடித்து ஆட்டினால் லேசான ஆட்டம் இருக்கலாம்; இறுக்கமாகச் சுழன்றால் பேரிங் எரியும்.

ஷூவை நெருக்குவது

சக்கரம் மேலே தூக்கி இருக்கட்டும். பின்தகட்டின் அடியில் ரப்பர் மூடி போட்ட துளை. உள்ளே சிறு பற்சக்கரம் தெரியும். தட்டையான திருப்புளியால் ஒவ்வொரு பல்லாக நெம்புங்கள். கிளிக் என்று கையில் உணரலாம். சக்கரத்தை ஒரு கையால் முன்னோக்கிச் சுழற்றிக்கொண்டே இறுக்குங்கள், சுழற்றவே கடினமாகும் வரை. பிறகு எதிர்த்திசையில், சக்கரம் தாராளமாகச் சுழன்று மெல்லிய உரசல் சத்தம் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். உள்ளே யாரோ காகிதத்தைத் தேய்ப்பது போன்ற அந்தச் சத்தம்தான் அடையாளம். இரு பக்கமும் ஒரே அளவு. தானே சரிசெய்துகொள்ளும் வகைப் பிரேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை.

பிரேக் மந்தம் என்று வருபவர்களில் பலருக்கு நான் செய்தது இது ஒன்றுதான்.

ஓட்டிப் பார்த்தல்

அரை அங்குல ஸ்டட் கொண்ட சக்கர நட்டுகளை எதிரெதிராக, 20, 50, கடைசியாக 90 முதல் 120 அடி-பவுண்டு என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். பிரேக்அவே பாட்டரியைத் திரும்ப மாட்டி, பிளக்கை வண்டியிலிருந்து கழற்றிய பிறகு பின்னை உருவி, டிரெய்லரை இழுத்துப் பாருங்கள். சக்கரம் கொஞ்சம் உருண்டு பிறகு அடம்பிடிக்க வேண்டும். காந்தம் இழுபட்டால்தான் ஷூ விரியும் என்பதால் அந்த முதல் உருளல் இயல்பு. உடனே பின்னைச் செருகிவிடுங்கள். மறந்தால் பாட்டரி வடிந்துவிடும், காந்தமும் சுடும். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டினால் டிரெய்லருக்குப் பிரேக் சட்டப்படியே வேண்டும். சோதனையில் காவலர் இந்தப் பின்னையும் உருவிப் பார்க்கலாம்.

பிறகு காலியான வாகன நிறுத்துமிடம். மெதுவாக உருட்டி, வண்டியின் பிரேக்கைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் வண்டியைப் பின்னால் பிடித்து இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் விசையளவைக் குறையுங்கள். ஷூ புதிது என்றால் 65 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 30 வரை இறங்கும்படி இருபது, முப்பது தடவை மிதமாகப் பிடியுங்கள், இடையிடையே ஆற விட்டு. லைனிங் டிரம்மோடு படிந்ததும் பிடிமானம் கூடும். அப்போது விசையளவை மறுபடி பாருங்கள். சக்கர நட்டுகளை 15, 40, 80 கிலோமீட்டரில் ஒருமுறை சோதியுங்கள். முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஜாக், அடைக்கட்டை, திருப்புளி. புது ஷூ படிந்து விலகியிருக்கும், இரண்டு மூன்று கிளிக் நெருக்க வேண்டிவரும்.